மலைக் கருங்கண்ணி

நம் நாட்டுக் காடுகளில் வாழும் பறவைகளுள் சில, உலகின் வேறெப்பகுதியிலும் காணக் கிடைக்காதவை. போர்னியோ தீவின் உயர்ந்த மலைகளில் மட்டுமே வாழும் சிறு பாடும் பறவை அவற்றுள் ஒன்று. அதனை 'மலைக் கருங்கண்ணி' என நாம் அழைக்கலாம்.

உருவமும் பெயரும்

கண்ணைச் சுற்றி வெண்ணிற வளையமுடைய வெள்ளைக்கண்ணியை நம்மில் பலர் அறிவோம். 'மாத்தா பூத்தே' என்று கூண்டில் வளர்க்கப்படுவதும் அதுவே. அதன் நெருங்கிய உறவினமே கருங்கண்ணி. ஆனால், இதற்கு வெண்வளையம் இல்லை. கண்ணைச் சுற்றிக் கருமை படர்ந்திருக்கும். உடல் பச்சை நிறம். அலகு மஞ்சள் கலந்த செந்நிறம். குரலோ இனிமையானது.

ஜான் வொயிட்ஹெட் என்பவர் சபாவின் கினபாலு மலையில் சேகரித்த இப்பறவைக்கு, 1888ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஷார்ப் என்ற அறிஞர் அறிவியற் பெயர் சூட்டினார். அப்பெயரின் முற்பகுதியான 'குளோரோகாரிஸ்' என்பதற்குப் 'பச்சை எழில்' என்பது பொருள். பிற்காலத்து மரபணு ஆய்வுகள், இது வெள்ளைக்கண்ணிப் பேரினத்தைச் சேர்ந்ததே என்று காட்டியதால் அப்பெயர் பின்னர் மாற்றப்பட்டது.

உணவும் உழைப்பும்

பூச்சிகள், சிறு பழங்கள், பூந்தேன் ஆகியவை இதன் உணவு. மலையுச்சியை அடுத்துள்ள குறுமரங்களில் பூக்கும் ரோடோடென்ட்ரான் மலர்களில் இது தேனருந்தும். அப்போது மகரந்தத்தை மலருக்கு மலர் கொண்டுசென்று, செடிகள் விதை கொள்ளத் துணை செய்கிறது. தன் பசியைத் தீர்க்கும் உழைப்பே காட்டையும் வளர்க்கிறது.

தீவுக்குள் தீவு

கினபாலுவின் உயரம் 4,095 மீட்டர். ஆயிரம் மீட்டர் மேலே செல்லச் செல்ல வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறையும். அந்தக் குளிர்ந்த காடே கருங்கண்ணியின் வீடு. வெப்பம் மிகுந்த தாழ்நிலத்தைக் கடந்து மற்றொரு மலைக்குக் குடிபெயர்வது அதற்கு எளிதன்று. ஆகவே, ஒவ்வொரு மலையும் அதற்குத் தனித்தீவு போன்றதே. மலைக்கு மலை சிறு வேறுபாடுகளுடன் இப்பறவையில் நான்கு உள்ளினங்கள் காணப்படுகின்றன.

இங்கேதான் கவலை எழுகின்றது. உலகின் வெப்பம் உயர உயர, குளிரை நாடும் உயிரினங்கள் மேலே செல்ல வேண்டியிருக்கும். உச்சியிலோ மரமில்லாத வெறும் பாறையே உள்ளது. அதற்குமேல் ஏற இடமில்லை.

நமது கடமை

கினபாலு வட்டாரம் 1964ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியத் தலமாக ஏற்கப்பட்டது. சட்டம் காட்டைக் காக்கும். சட்டத்தை மக்கள் மனம் காக்க வேண்டும். அம்மலைக்குச் செல்லும் வாய்ப்புப் பெறுவோர் பறவைக்கு உணவு எறியாமலும் குப்பை போடாமலும் வருவார்களாக. தோட்டத்தில் இருப்போரும் காட்டுப் பறவையைப் பொறிவைத்துப் பிடிக்காதிருக்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். மரத்தை நம்பி வாழும் நமக்கு, மரத்தையே நம்பியுள்ள சிற்றுயிரின் நிலை விளங்காமற் போகாது.