நோயை மறுக்கும் மனம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் நோய் இருந்தும் அது இல்லை என்று ஒருவர் சாதித்தால் என்ன செய்வது? அவர் ஏற்கெனவே கடுமையான மனநோய்க்கு ஆட்பட்டவராகவும் இருந்தால்? ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய், இருமுனை மனநோய் முதலியவற்றால் அவதியுறுவோரிடம் உடல்நோய் எவ்வாறு மறைந்து நிற்கிறது என்பதைச் சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மறுப்பு என்பது யாது? தாங்க முடியாத உண்மையை ஏற்காமல் விலக்குவது மனத்தின் தற்காப்பு முறைகளுள் ஒன்று என்பர் உளவியலார். சிக்மண்ட் ஃபிராய்டின் மகளான அன்னா ஃபிராய்டு, 1936-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இத்தற்காப்பு முறைகளை விரிவாக ஆராய்ந்தார். உடலில் ஒரு கட்டியைக் கண்டும், "தானே கரைந்துவிடும்" என்று நாள் கடத்துபவர் மனநோயாளி அல்லர். அச்சமே அவரை அவ்வாறு பேச வைக்கிறது. இவ்வகை மறுப்பு நம் எல்லோரிடமும் உண்டு.

வேறொரு வகையும் உண்டு. பிரெஞ்சு நாட்டு நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி, உடலின் இடப்பக்கம் செயலிழந்தும் அதனை உணராதிருந்த நோயாளிகளை ஆராய்ந்து, 1914-இல் அந்நிலைக்கு அனோசாக்னோசியா என்று பெயரிட்டார். அந்நோயாளிகள் பொய் சொல்லவில்லை. இழப்பை அறிந்து சொல்ல வேண்டிய மூளையே பழுதுபட்டிருந்தது. மனச்சிதைவு நோயாளிகள் பலர் தம் நோயை உணராதிருப்பதற்கும் இதையொத்த காரணம் இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

மூன்றாவதாக, வலியைப் பற்றியும் அறிய வேண்டும். மனச்சிதைவு நோயாளிகள் சிலர் காயங்களைப் பொருட்படுத்தாமல் இருப்பதை ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் அக்காலத்திலேயே குறித்து வைத்தார். குடல்வால் அழற்சி, எலும்பு முறிவு, மாரடைப்பு ஆகியவைகூட இவர்களிடம் பெரிய முறையீடு ஏதுமின்றி வந்ததுண்டு. சிலர் வலியைச் சொல்வர். ஆனால் விந்தையாகச் சொல்வர். "வயிற்றில் பாம்பு நெளிகிறது" என்பார் ஒருவர். கேட்பவர் பாம்பை எண்ணிச் சிரிப்பார், வயிற்றை மறந்துவிடுவார்.

தேவாலாவில் எங்கள் லைன் வீடுகளில் ஒரு பெரியவர் உண்டு. எனக்குப் பெரியப்பா முறை. பல ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை உண்டு வருபவர். எங்கள் ஊர் மழையோ பேர் பெற்றது. ஆடி மாதத்தில் தேயிலைக்குள் இறங்கினால் காலில் அட்டை ஏறாமல் இராது. அப்படி ஒரு மழைக்காலத்தில் அவர் காலில் புண் கண்டது. "என்ன பெரியப்பா, கால் வீங்கியிருக்கே?" என்று கேட்டால், "அட்டை கடிச்சது, ஒண்ணுமில்லை" என்பார். "அவர் எப்போதும் அப்படித்தான்" என்று மற்றவர்கள் போய்விடுவர். மாதந்தோறும் மாத்திரை வாங்கிய இடத்திலும் தூக்கத்தையும் பேச்சையும் விசாரித்தார்களேயன்றிக் காலைப் பார்த்தவர் இல்லை. துர்நாற்றம் வந்த பிறகே கூடலூருக்கு அழைத்துச் சென்றனர். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

இங்கே நோயை மறுத்தவர் யார்? பெரியவர் மட்டுமா? அன்று. அவர் வாயால் மறுத்தார். சுற்றியிருந்தோர் கண்ணால் மறுத்தனர். மனநோய் என்ற ஒரே பெயர் நிழலாக விழுந்து, மற்ற நோய்களையெல்லாம் மறைத்துவிடுவதை மருத்துவ உலகம் இன்று ஒரு பெருங்குறையாகவே கருதுகிறது. கேட்டால் மறுப்பவர் ஒருபுறம் இருக்க, வாய் திறந்து சொல்லியும் நம்பப்படாதவர் மறுபுறம் இருக்கின்றனர்.

இதன் விலை சிறிதன்று. கடும் மனநோயாளிகள் மற்றவரைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இம்மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதயநோய் போன்ற, தடுக்கக்கூடிய உடல்நோய்களேயாகும். புகைப்பழக்கமும் வறுமையும் இதற்குத் துணை செய்கின்றன. ஓலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் மனத்தைத் தெளிவிக்கும்போதே உடல் எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடும். குளோசபினால் வரும் கடும் மலச்சிக்கல் உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. இதற்கு அஞ்சி மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது பெருந்தவறு. மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதனை செய்து கொள்வதே முறை.

சென்னையில் 1794-இல் தோன்றிய மனநோயர் இல்லமே பின்னர் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையாக வளர்ந்தது. ஒரு காலத்தில் நோயாளிகள் மதில்களுக்குள்ளேயே வாழ்ந்து மடிந்தனர். அம்மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற டாக்டர் சாரதா மேனன் போன்றோர், அவர்களை மீண்டும் குடும்பத்தோடு வாழச் செய்யப் பாடுபட்டனர். 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பைத் தோற்றுவித்தவரும் அவரே. இன்று நோயாளி வீட்டில் இருக்கிறார். ஆகவே அவர் உடலைக் கவனிக்க வேண்டிய கண்களும் வீட்டில் இருப்போரின் கண்களே.

நாம் செய்யத்தக்கவை யாவை? "உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?" என்று கேட்டு, "இல்லை" என்ற விடையோடு நின்றுவிடலாகாது. "காலைக் காட்டுங்கள், பார்க்கலாம்" என்று அன்போடு சொல்லிப் பார்க்க வேண்டும். உணவு குறைந்ததா, தாகம் மிகுந்ததா, மலம் கழிகிறதா, இருமல் நீடிக்கிறதா, நடை மாறியதா என்று கவனிக்க வேண்டும். மாதம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் வீடு தேடி வரும்போது, உள்ளறையில் இருப்பவரையும் அழைத்து வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்ல வேண்டும். உடல்நோயாளிக்குச் சமமாக மனநோயாளியையும் நடத்த வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அளித்துள்ள உரிமை. அது சலுகையன்று.

என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் வீடுகளிலிருந்து படிக்க வந்துள்ள மாணவ நண்பர்கள் இங்கே பலர். மருந்துச் சீட்டை வாசிக்கவும், மருத்துவரிடம் தயங்காமல் கேட்கவும் நம்மால் இயலும். அந்தக் கல்வியை, வலியைச் சொல்லத் தெரியாத ஒருவருக்காகப் பேசப் பயன்படுத்துவோமாக!