அடி வாங்காத பிள்ளைக்கும் வலிக்கும்

கம்பம்மெட்டு மலைமேல் உள்ள ஊர். அது கேரளத்தில், இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. கீழே இறங்கினால் தேனி மாவட்டம், கம்பம் நகரம். மலையைச் சுற்றி ஏலத் தோட்டங்கள். தமிழ் பேசும் கூலிக் குடும்பங்கள் பல இங்கே பிழைக்கின்றன.

இங்கே ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இது கற்பனை வீடுதான். ஆனால் எந்த ஊரிலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம்.

அம்மா ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கிறாள். அப்பாவுக்கும் கூலி வேலை. அப்பா குடித்துவிட்டு வருவார். அம்மாவின் கூலியைக் கேட்பார். கொடுக்காவிட்டால் அடிப்பார்.

மகனுக்கு வயது 15. அப்பா அவனை அடிப்பதில்லை. ஆனாலும் அவன் இரவில் தூங்குவதில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவான். தங்கையின் காதைப் பொத்துவான். அரிவாளை எடுத்து ஒளித்து வைப்பான். மறுநாள் வகுப்பில் தூங்கி விழுவான்.

ஒரு நாள் அவன் சொன்னான்:

"அம்மா, நான் இனிமே பள்ளிக்கூடம் போகல. தோட்ட வேலைக்கு வர்றேன். நாம தனியாப் போயிருவோம்."

அம்மா அழுதாள்.

"உனக்காகத்தானே சாமி எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு இருக்கேன்."

அம்மா பொறுத்தது மகனுக்காக. ஆனால் அந்த அடிதான் மகனின் படிப்பையும் தூக்கத்தையும் கெடுக்கிறது.

பிள்ளைக்கு என்ன ஆகும்?

அடியைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு மனதில் காயம் படும். தலைவலி, வயிற்றுவலி வரலாம். படிப்பில் மனம் போகாது. சில பிள்ளைகள் பேசுவதையே குறைத்துக்கொள்வார்கள். சிலர் எதற்கெடுத்தாலும் கோபப்படுவார்கள். சிலர், "என்னால்தான் சண்டை" என்று நினைப்பார்கள்.

அதனால் அவனிடம் சொல்லுங்கள்: "இது உன் குற்றம் இல்லை, தம்பி. சண்டைக்கு நடுவில் போய் நிற்காதே. தங்கையைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வா." நம்பிப் பேச ஒரு பெரியவர் இருந்தால் பிள்ளை தேறி வருவான்.

சட்டம் என்ன சொல்கிறது?

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அடிப்பது மட்டும் குற்றம் இல்லை. கேவலமாகத் திட்டுவதும், கூலியைப் பிடுங்குவதும் இந்தச் சட்டப்படி வன்முறைதான்.

பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். அக்கம்பக்கத்தாரும் தகவல் சொல்லலாம். நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது.

"இனி அடிக்கக் கூடாது" என்று நீதிமன்றம் உத்தரவு போடும். வீட்டை விட்டு அவளைத் துரத்தவும் முடியாது. வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

எல்லையில் வாழ்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அம்மா கம்பத்தில் தாய் வீட்டுக்குப் போய்த் தங்கினால், அந்தப் பகுதி நீதிமன்றத்திலும் மனு கொடுக்கலாம். வேலை செய்யும் இடத்திலும் கொடுக்கலாம். உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். சோதனைச் சாவடியைத் தாண்டினாலும் செல்லும்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. வக்கீலுக்குப் பணம் தர வேண்டாம்.

இந்த எண்களை எழுதி வையுங்கள்

குழந்தைகளுக்கு உதவி: 1098
பெண்களுக்கு உதவி: 181
அவசர உதவி, போலீஸ்: 112

1098-க்குப் பிள்ளையே போன் செய்யலாம். காசு கிடையாது.

பேசுவோம்

1. மகன் ஏன் வகுப்பில் தூங்கினான்?
2. "உனக்காகத்தான் பொறுத்துக்கொள்கிறேன்" என்று அம்மா சொன்னாள். அது மகனுக்கு நல்லதா?
3. பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்கிறது. "அது அவங்க குடும்ப விஷயம்" என்று இருக்கலாமா? நீங்கள் என்ன செய்வீர்கள்?