காற்றின் பலமும் பாய்மரப் படகும்

கடந்த ஜூலை மாதத்தில் ஒருநாள் காலை, வானொலியில் வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தோம். எமது கடற்பரப்பில் மணித்தியாலத்துக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் தென்மேற்கிலிருந்து காற்று வீசும் என்றார்கள். காத்தான்குடிக் கரையில் கடலோ அலையின்றித் தட்டுப்போலக் கிடந்தது. ஆனாலும் வாப்பா அன்று கடலுக்குப் போகவில்லை.

"காத்து எவ்வளவு எண்டு மட்டும் பாத்தாக் காணாது மகள். எங்கயிருந்து வருது எண்டும் பாக்கணும்" என்றார்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எனக்கு அது உடனே விளங்கவில்லை. விளக்கத்தைத் தேடியபோது, பாய்மரப் படகுப் போட்டிகளைப் பற்றிய தகவல்கள் எனக்குக் கைகொடுத்தன.

முதலில் காற்றின் பலத்தைப் பார்ப்போம். காற்றின் வேகம் இருமடங்கானால் அது பாயில் தரும் அமுக்கம் நான்கு மடங்காகும். ஏனெனில் அமுக்கம் வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. செக்கனுக்கு 5 மீற்றர் வேகக் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 15 நியூட்டன் விசையைத் தரும். அதுவே 10 மீற்றர் வேகமானால் 60 நியூட்டன் ஆகிவிடும். காற்று கொஞ்சம் கூடியதும் படகு ஒரேயடியாகச் சரிவது இதனால்தான்.

ஒலிம்பிக்கில் பெண்கள் தனியாக ஓட்டும் படகின் பாய் 5.7 சதுர மீற்றருக்குச் சற்றுக் கூடுதலானது. மேற்சொன்ன கணக்கின்படி அதன்மேல் விழும் விசை ஏறத்தாழ 9 கிலோகிராம் நிறையிலிருந்து 35 கிலோகிராம் நிறைக்கு உயரும். அதைச் சமப்படுத்த, ஓட்டுபவர் படகின் விளிம்பில் அமர்ந்து, பாதங்களைப் பட்டியில் மாட்டிக்கொண்டு உடலை நீருக்கு மேலே சாய்க்க வேண்டும். காற்றுக் குறைந்தாலோ அசையாமல் அமர்ந்து ஒவ்வொரு சிறு வீச்சையும் பிடிக்க வேண்டும். சென்னையைச் சேர்ந்த தமிழ்ப் பெண்ணான நேத்ரா குமணன் இந்தப் படகில்தான் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும், 2024இல் பரிஸ் ஒலிம்பிக்கிலும் போட்டியிட்டார். இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதற் பெண் அவரே.

பரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் மார்செய் நகரக் கடலில் நடந்தன. மிஸ்திரால் என்னும் கடுங்காற்றுக்குப் பேர்போன இடம் அது. அப்படியிருந்தும் காற்றுப் போதாமல் சில பதக்கப் போட்டிகள் மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. உலக வீரர்களும் காற்றுக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இனி இடத்தைப் பார்ப்போம். ஒரே வேகத்தில் வீசும் காற்று எல்லா நீரிலும் ஒரே விதமாக வேலை செய்வதில்லை. கொழும்புத் துறைமுகத்தில் அலைதடுப்பு அணைகள் அலையை மறிக்கின்றன. காற்றை முழுதாக மறிப்பதில்லை. ஆகவே உள்ளே தட்டையான நீரில் நல்ல காற்றோடு படகு ஓடலாம். திருகோணமலையில் துறைமுகத்தைச் சுற்றிக் குன்றுகள் உள்ளன. குன்றில் மோதும் காற்று உடைந்து, ஓரிடத்தில் ஓய்ந்தும் இன்னோரிடத்தில் திடீரெனப் பாய்ந்தும் வரும். அங்கே சராசரி வேகத்தை நம்பிப் பாயை விரிப்பவர் ஏமாறக்கூடும்.

நமது மட்டக்களப்பு வாவி வேறு வகை. அதன் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். அகலமோ மிகக் குறைவு. அலையின் உயரத்தைத் தீர்மானிப்பவை மூன்று: காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி நீரின்மேல் ஓடும் தூரம். மேற்கிலிருந்து வரும் கச்சான் வாவியைக் குறுக்காகக் கடப்பதால் அதற்கு ஓடக் கிடைக்கும் தூரம் சிறிது. வடக்கிலிருந்து வாடை வீசும்போது அது வாவியின் நீளவாக்கில் ஓடும். ஆழமும் குறைவாதலால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றையொன்று நெருங்கி வரும். சிறு தோணிக்குள் தண்ணீர் ஏற அதுவே போதும்.

இப்போது வாப்பாவின் சொல் எனக்கு விளங்கியது. அன்று வீசியது கச்சான். அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரையோரத்தில் அலை எழும்ப அதற்குத் தூரம் கிடைக்கவில்லை. கடல் தட்டையாகத் தெரிந்த காரணம் அதுவே. வெளியே போகப் போக அலை வளரும். இயந்திரம் நின்றுவிட்டால் அதே காற்று படகை வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டு போகும். வாடைக் காலத்துக் கடல் முகத்துக்கு நேரே பயமுறுத்தும். கச்சான் காலத்துக் கடல் சிரித்துக்கொண்டே அழைக்கும்.

எங்கள் சாச்சாவுக்கு ஒருமுறை அப்படித்தான் நடந்தது. இயந்திரம் பழுதாகி ஓர் இரவு முழுவதும் கடலில் மிதந்தார். உம்மா விடியும்வரை தொழுகைப் பாயிலேயே இருந்தார். மறுநாள் வேறொரு படகுக்காரர் அவரைக் கரைசேர்த்தார். அன்றும் கரையிலிருந்து பார்த்தவர்களுக்குக் கடல் அமைதியாகத்தான் தெரிந்தது.

எனவே வானிலை அறிக்கையைக் கேட்கும்போது வேகத்தோடு திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். கடலுக்குச் செல்லும் வாப்பாமாரும் சகோதரர்களும் உயிர்காப்பு அங்கி அணிந்தார்களா என்று கேளுங்கள். நான் படித்த சமன்பாடு காற்றின் பலத்தைச் சொன்னது. அந்தப் பலம் எங்கே, எப்படி வேலை செய்யும் என்பதைப் பாடப்புத்தகம் காணாத என் வாப்பாதான் முதலில் சொன்னார். இரண்டும் சேர்ந்தால்தான் அறிவு முழுமையாகும்.