உண்பவர் கட்டுப்பாடும் ஊரின் பொறுப்பும்

முன்பு உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டியதில்லை என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் தரும் அறிவுரை. புலனடக்கத்தின் முதற்படி உணவில் அளவறிதலே. ஆயினும், நல்ல உணவு கைக்கு எட்டாத இடத்தில் அடக்கம் மட்டுமே ஒருவனைக் காத்துவிடுமா?

மும்பையின் தாராவியில் பல குடும்பங்களுக்கு ஒற்றை அறையே வீடு. அதன் ஒரு மூலையே சமையலறை. தாயும் தந்தையும் விடியலில் வேலைக்குப் புறப்பட்டுவிட்டால், பிள்ளையின் பசிக்குத் தெருமுனைக் கடையே கதி. சில ரூபாய்க்கு அங்கே கிடைப்பவை வறுவல் பொட்டலமும் இனிப்புப் பானமும் வடாபாவும்தான். அதே காசுக்குப் பழமோ பருப்போ வயிற்றை நிரப்புவதில்லை. இவ்வாறே வறுமையும் உடற்பருமனும் ஒரே கூரையின் கீழ் குடியேறுகின்றன. இதற்கு நாவின் ஆசையை மட்டும் குறை கூறுவது நியாயமன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது.

மாற்று வழியும் தாராவியிலேயே உள்ளது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் அதிகாலையில் இட்லி அவித்து, பாத்திரங்களில் சுமந்து சென்று நகரெங்கும் விற்கின்றன. மாட்டுங்கா, செம்பூர் உணவகங்களிலும் இட்லிக்கு என்றும் மதிப்புண்டு. ஆவியில் வெந்ததால் எண்ணெய் இல்லை. எனினும் இட்லியில் பெரும்பகுதி அரிசியே. எனவே இரண்டைக் குறைத்து, பருப்பும் காயும் நிறைந்த சாம்பாரைக் கூட்டுவதே அறிவுடைமை.

சட்டமும் துணை நிற்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைகளில் விற்க மகாராஷ்டிர அரசு 2017-இல் தடை விதித்தது. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் அவற்றை விலக்கின.

ஆனால் விதியை நடைமுறையாக்குவது ஊராரின் கையில் உள்ளது. தெருவோர வியாபாரியைப் பகைப்பதால் பயனில்லை. அவரும் பிழைப்புக்காகவே கடை விரித்திருக்கிறார். சுண்டலும் பழமும் விலைபோனால் அவற்றையே அவர் விற்பார். பள்ளியருகே பழவண்டிக்கு இடம் தருதல், திருவிழாவில் இனிப்புப் பானத்துக்குப் பதில் நீர்மோர் வழங்குதல், ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாத கடையை ஆதரித்தல் ஆகியவை எல்லோராலும் இயலும் தொண்டுகள்.

பசித்தவனுக்கு உணவளிப்பது அறம். அவ்வுணவு அவனை நோயாளி ஆக்காதபடி காப்பதும் அதே அறத்தின் பகுதியே.