மலவாசலில் வரும் மரு: மூலம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்

மலவாசலைச் சுற்றி ஏதாவது முளைபோலக் கைக்குத் தட்டுப்பட்டால் நாம் முதலில் நினைப்பது மூலவியாதி என்றுதான். பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மருவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மூலம் மென்மையான வீக்கம். முக்கும்போது வெளியே வந்து பின் உள்ளே போகலாம். மலத்தோடு இரத்தமும் போகலாம். மரு அப்படியல்ல. குண்டூசித் தலையளவில், தோல் நிறத்தில் அல்லது இளஞ்சிவப்பாக ஒன்றிரண்டு தோன்றும். பிறகு பெருகிப் பூக்கோவா போலச் சொரசொரப்பாகலாம். வலி அநேகமாக இராது. கடியும் ஈரக்கசிவும் இருக்கலாம்.

காரணம் எச்.பி.வி. வைரசு, பெரும்பாலும் அதன் 6ஆம், 11ஆம் வகைகள். பாலுறவின்போது தோலோடு தோல் படுவதால் தொற்றும். குதவழி உறவு இல்லாதவர்களுக்கும் அவ்விடத்தில் வரும். முகாமின் பொது மலசலகூடத்தைச் சிலர் குறைசொல்வர். வழமையாக அப்படித் தொற்றுவதில்லை. வைரசு புகுந்து மரு வெளியே தெரிய மாதங்களாகலாம், வருடங்களும் ஆகலாம். ஆகவே பிரிந்திருந்து இப்போதுதான் ஒன்றுசேர்ந்த கணவனும் மனைவியும் “எப்போது, யாரால் வந்தது?” என்று நாள் கணக்குப் பார்த்துச் சண்டைபிடிப்பதில் பயனில்லை. மருவைப் பார்த்து அதைச் சொல்ல வைத்தியராலும் முடியாது. இருவருமாகப் போய்க் காட்டுங்கள்.

அரச வைத்தியசாலையின் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போகக் கடிதம் தேவையில்லை, கட்டணமும் இல்லை. உங்கள் விபரம் வெளியே போகாது. மருந்து பூசியோ, உறையவைத்தோ, மின்சூட்டால் சுட்டோ மருவை அகற்றுவர். ஒரே தடவையில் முடியாது. பல கிழமைகள் போகவேண்டி வரலாம், மாறிய பின் திரும்பவும் வரலாம். இடையில் நிறுத்தாதீர்கள். கர்ப்பிணியாயின் முதலிலேயே சொல்லுங்கள். பொடோபிலின் என்ற பூச்சுமருந்து கர்ப்பிணிகளுக்குக் கூடாது. இரத்தமும் சோதிப்பர். சிபிலிசு நோயிலும் அவ்விடத்தில் ஈரமான, தட்டையான தடிப்புகள் வருவதுண்டு.

சுண்ணாம்பு, அசிட், கால் ஆணிக்கு விற்கும் மருந்து எதையும் பூசாதீர்கள். மயிரால் கட்டி அறுக்கவும் வேண்டாம். அங்குள்ள தோல் மெல்லியது. வெந்து புண்ணானால் மலம் கழிப்பதே பெரும்பாடாகிவிடும். சவரம் செய்தால் மரு பரவும்.

சிறு பிள்ளையிடம் கண்டால் அதட்டாதீர்கள். பிறப்பின்போது தாயிடமிருந்து வந்திருக்கலாம், கையிலுள்ள மருவிலிருந்தும் வந்திருக்கலாம். துஷ்பிரயோகத்தாலும் வரலாம். எது என்று வீட்டிலிருந்தபடி முடிவுகட்டாமல், பிள்ளையைத் தாமதியாது வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.