பாவம் செய்தவன் ஜெபிக்கலாமா?

கேள்வி: நீதிமானின் ஜெபத்துக்குத்தான் வல்லமை உண்டு என்கிறார்கள். தவறுகள் செய்திருக்கும் நான் ஜெபித்துப் பயன் உண்டா?

பதில்: கட்டாயம் உண்டு. நீங்கள் சொல்வது யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதே வசனம், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடவும் சொல்கிறது. ஆக, குற்றமே செய்யாதவரை அது நீதிமான் என்று குறிப்பிடவில்லை.

லூக்கா 18இல், ஜெபிக்கப் போன ஒரு பரிசேயனையும் வரி வசூலிக்கும் ஆயக்காரனையும் பற்றி இயேசு சொன்ன உவமையைப் பாருங்கள். வாரத்துக்கு 2 முறை உபவாசம், தவறாத தசமபாகம் என்று பரிசேயன் தன் கணக்கை ஒப்பிக்கிறான். ஆயக்காரனோ தூரத்தில் நிற்கிறான், கண்ணை உயர்த்தக்கூடத் துணிவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்கிறான், அவ்வளவுதான். நீதிமானாக வீடு திரும்பியவன் அவனே.

இதை வைத்து, எப்படியும் வாழலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாவத்தை மனதில் பேணிக்கொண்டே ஜெபித்தால் கேட்கப்படாது என்கிறது 66ஆம் சங்கீதம். விழுந்து எழத் துடிப்பவர் வேறு, விட மனமில்லாதவர் வேறு. மனந்திரும்புதல் கண்ணீரோடு முடிவதில்லை; இயேசுவைச் சந்தித்த சகேயு என்ற ஆயக்காரன், ஏமாற்றி வாங்கியதை 4 மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான்.

தகுதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றே ஜெபியுங்கள். யாருக்காவது அநியாயம் செய்திருந்தால், நேரில் போய்ச் சரிசெய்யுங்கள்.