ஊர் போனோடு ஜப்பான் போகலாமா?

கேள்வி: எங்கள் நிறுவனம் என்னை மூன்று வருடத்துக்கு யோகோஹாமாவுக்கு அனுப்புகிறது. அடுத்த மாதம் கிளம்புகிறேன். மனைவி இரண்டு மாதம் கழித்து வருவார். போன தீபாவளிக்குத்தான் 28,000 ரூபாய் கொடுத்து ஒரு 5ஜி ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். மனைவியிடம் ஐபோன் 13 இருக்கிறது. இரண்டும் இங்கே வாங்கியவை. "இந்தியா போன் இங்கே சட்டப்படி செல்லாது, வந்து வேறு வாங்கிக்கொள்" என்கிறார் அங்கே இருக்கும் நண்பர். "டூயல் சிம் சார், உலகம் பூரா எடுக்கும்" என்கிறார் எனக்கு விற்ற கடைக்காரர். யாரை நம்புவது? பேங்க் ஓடிபி எல்லாம் இந்த நம்பரில்தான் வருகிறது. அதையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும்.
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் மனைவியின் போனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். உங்கள் போனைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

கடைக்காரர் சொன்ன டூயல் சிம்முக்கும் வெளிநாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு சிம் போடலாம், அவ்வளவுதான். அந்த சிம் எந்த டவரைப் பிடிக்கும் என்பதைப் போனுக்குள் இருக்கும் ரேடியோ தீர்மானிக்கிறது. அது எந்தெந்த அலைவரிசைகளைக் கேட்கும் என்பதைத் தயாரிப்பாளர் அந்தந்த நாட்டுக்கு ஏற்றபடி அமைத்து அனுப்புகிறார். இந்தியாவில் ஜியோவுக்கும் ஏர்டெலுக்கும் தேவையானவை பேண்ட் 1, 3, 5, 8, 40. நம் ஊர் நடுத்தர விலைப் போன்களில் இவை கட்டாயம் இருக்கும். மீதியெல்லாம் தயாரிப்பாளரின் தாராளத்தைப் பொறுத்தது.

ஜப்பானில் 1, 3 இரண்டும் பரவலாகப் பயன்படுபவை. அதனால் யோகோஹாமா ஸ்டேஷன் வாசலில் நின்று பார்த்தால் உங்கள் போனில் சிக்னல் அமோகமாக இருக்கும், நண்பர் பொய் சொன்னாரோ என்றுகூடத் தோன்றும். சிக்கல் அடுக்குமாடிக் கட்டடத்தின் உள்ளறையிலும், பேஸ்மென்ட்டிலும், வார விடுமுறைக்கு ஹகோனே மலைப்பக்கம் போகும்போதும்தான் வரும். சுவரைத் துளைத்து, மலையைச் சுற்றி வருவது தாழ்ந்த அலைவரிசை. அங்கே உள்ள மொபைல் நிறுவனங்களில் டோகோமோவுக்கு அது பேண்ட் 19. ஏயூவுக்கு 18-ம் 26-ம். ராகுடென் தன் டவர் இல்லாத இடத்தில் ஏயூவின் 18-ஐ நம்பியிருக்கிறது. இவை எதுவும் இந்தியாவில் தேவைப்படாது என்பதால் உங்கள் போனில் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். சாஃப்ட்பேங்க்கின் தாழ்ந்த அலைவரிசை மட்டும் பேண்ட் 8. அது ஏர்டெலுக்காக உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும். ஆகவே இந்தியப் போனோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது சாஃப்ட்பேங்க், அல்லது அதே டவரில் ஓடும் ஒய்மொபைல், லைன்மோ. இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. உங்கள் போனின் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் இந்திய இணையதளத்தில் போட்டு 'நெட்வொர்க் பேண்ட்' வரிசையை ஒருமுறை பாருங்கள். பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் இந்தியாவில் விற்பது ஒன்று, ஜப்பானில் விற்பது வேறொன்று என்பது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம்.

5ஜி பற்றிக் கேட்டால், டோகோமோவின் 5ஜியில் முக்கியமான ஒரு பகுதி என்79 என்ற அலைவரிசையில் ஓடுகிறது. இந்தியாவுக்கு வரும் போன்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. 4ஜியிலேயே வேலை நடக்கும். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்டர்நெட் வந்துவிட்டதாலேயே கால் பேச முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏயூ 2022 மார்ச்சில் 3ஜியை மூடியது. சாஃப்ட்பேங்க் 2024-ல் மூடியது. டோகோமோ 2026 மார்ச் 31-ஐக் கடைசி நாளாக அறிவித்தது. 3ஜி போனபின் குரல் அழைப்பு வோல்டிஇ வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த வோல்டிஇ உங்கள் போனில் ஜியோவுக்கும் ஏர்டெலுக்கும் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஜப்பானிய நிறுவனத்துக்கு அமைக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. வாட்ஸ்ஆப் கால் அருமையாகப் போகும், பக்கத்து வீட்டு லேண்ட்லைனுக்குப் போகாது. ஆம்புலன்ஸுக்கு 119-ஐயும் போலீஸுக்கு 110-ஐயும் வாட்ஸ்ஆப்பில் அழைக்க முடியாது. மனைவியும் வரப்போகிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை. அங்கே சிம் போட்ட அன்றே நண்பரின் போனுக்குச் சாதாரண கால் ஒன்று போட்டு, அது கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி, நண்பர் சொன்ன சட்டம். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ரேடியோ அலை வெளியிடும் எந்தக் கருவியும் ஜப்பானின் தொழில்நுட்பத் தரத்துக்கு உட்பட்டது என்பதற்கு 'கிதெக்கி' என்ற முத்திரை உண்டு. வட்டமான சின்னம்; உள்ளே ஒரு மின்னல் கோடும், 'டி' எழுத்தின் தலையில் இன்னொரு கோடு போட்டதுபோல ஜப்பானியத் தபால் அடையாளமும் இருக்கும். முன்பு பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருப்பார்கள். இப்போது திரைக்குள் இருக்கிறது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அதில் 'லீகல் அண்ட் ரெகுலேட்டரி'. ஆண்ட்ராய்டில் 'அபவுட் போன்' பக்கத்தில் 'ரெகுலேட்டரி லேபிள்ஸ்' அல்லது 'சர்டிஃபிகேஷன்'. இன்று இரவே இரண்டு போன்களையும் திறந்து பாருங்கள். முத்திரை இருந்தால் உங்கள் நண்பரின் வாதம் அங்கேயே முடிந்தது.

இல்லையென்றால்? 2016 மே மாதம் முதல் ஒரு சலுகை இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர் அமெரிக்க, ஐரோப்பியத் தர அடையாளமுள்ள தன் போனில் வைஃபை, புளூடூத் இரண்டையும் நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து 90 நாள் வரை பயன்படுத்தலாம். உங்கள் பணி மூன்று வருடம். 91-ம் நாள் வீட்டு வைஃபையில் அந்தப் போனை இணைத்தால் அது விதிமீறல். ரேடியோ சட்டத்தில் இதற்கு எழுதியிருக்கும் தண்டனை ஓராண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம். "யாரும் பிடிப்பதில்லை, நாங்கள் இத்தனை வருடமாக வைத்திருக்கிறோம்" என்று டோக்கியோவின் நிஷி-கசாயில் குடியிருக்கும் நம்மவர்கள் சிலர் உங்களுக்குச் சொல்லத்தான் செய்வார்கள். அது அவரவர் துணிச்சல். ஒரு கம்பெனியின் விசாவில் இருக்கிறவருக்கு நான் அந்த யோசனையைச் சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் தாண்டி, தினமும் உறுத்தப்போவது ரயில் கேட். ஜப்பானியர் போனைத் தொட்டுவிட்டு நடையை நிறுத்தாமல் போவதைப் பார்ப்பீர்கள். ரயில் கட்டணத்துக்கான சுய்கா கார்டும் அதன் போன் வடிவமும் சோனியின் ஃபெலிக்கா என்ற சிப்பில் ஓடுகின்றன. ஒரு பயணியின் கணக்கை 0.2 விநாடிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது சுய்காவை வெளியிடும் ரயில்வேயின் கணக்கு. உங்கள் போனில் என்எஃப்சி இருந்தாலும் இதற்குப் பயன்படாது. வேடிக்கை என்னவென்றால், பிளாஸ்டிக் சுய்கா கார்டை அதே போனின் முதுகில் வைத்தால், ஒரு சின்ன ஆப் மூலம் மீதி எத்தனை யென் என்று படித்துச் சொல்லிவிடும். கார்டைப் படிக்கத் தெரியும், தானே கார்டாக இருக்கத் தெரியாது. ஜப்பானில் விற்கும் ஆண்ட்ராய்டில்தான் அந்த வசதி உண்டு. கூகுளின் பிக்ஸலில்கூட ஜப்பானில் வாங்கியதற்குத்தான் அது வேலை செய்யும். ஐபோன் மட்டும் விதிவிலக்கு: ஐபோன் 8-லிருந்து எந்த நாட்டில் வாங்கினாலும் சுய்கா ஓடும். உங்கள் மனைவி வந்து இறங்கிய அன்றே வாலட்டில் சுய்காவைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்திய கார்டு பணம் ஏற்ற மறுத்தால் செவன் லெவன் கடைக்குள் இருக்கும் செவன் பேங்க் ஏடிஎம்மில் போனைக் குறித்த இடத்தில் வைத்து நோட்டைப் போட்டால் ஏறிவிடும். நீங்கள் 500 யென் டெபாசிட் கட்டி பிளாஸ்டிக் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிப் தட்டுப்பாட்டால் 2023-ல் நிறுத்திய அந்த விற்பனை 2025 மார்ச்சில் மீண்டும் தொடங்கிவிட்டது.

ஓடிபி விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் உங்கள் ஈரோட்டுப் போனுக்கு உண்மையான வேலை இருக்கிறது. அதைத் தள்ளிவிடாதீர்கள். யுபிஐ ஆப்கள் சிம்மோடும் போனோடும் சேர்த்துப் பதிவாகின்றன. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால், அங்கிருந்து மறுபடி ஒரு எஸ்எம்எஸ் வெளியே போய்த்தான் பதிவாகும். ரோமிங்கில் அது சிக்கிக்கொண்டு மணிக்கணக்கில் அல்லாடியவர்கள் பலர். வெளிநாட்டு நம்பரிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று 2023 ஜனவரியில் பத்து நாடுகளுக்கு அனுமதி வந்தது. அந்தப் பத்தில் ஜப்பான் இல்லை. ஆகவே இந்திய சிம் இப்போதுள்ள போனிலேயே, இப்போதுள்ள ஸ்லாட்டிலேயே இருக்கட்டும். கிளம்புவதற்கு முன் கஸ்டமர் கேரிடம் பேசி இன்டர்நேஷனல் ரோமிங்கைத் திறந்துவிடுங்கள். உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். ஓடிபி வருவதற்கு வைஃபை தேவையில்லை என்பதால் கிதெக்கி தொல்லையும் அங்கே இல்லை. ரீசார்ஜ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு நம்பரை நிறுவனம் துண்டிக்க முடியும். மாதம் ஒரு எஸ்எம்எஸ் வீட்டுக்கு அனுப்பினால் அந்தப் பயமில்லை. போகிற போக்கில் இன்னொன்று: வேலைக்காக வெளிநாடு போகிறவர் தன் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். பேங்க்குக்குப் போகும்போது அதையும் சேர்த்து முடியுங்கள்.

தினசரிப் பயன்பாட்டுக்கு அங்கே ஒரு செகண்ட் ஹேண்ட் போன் வாங்குங்கள். புதுசு தேவையில்லை. ஜப்பானியர் போனைக் கண்ணாடிப் பொருள் மாதிரி வைத்திருப்பார்கள்; டோக்கியோ அகிஹாபாராவின் பழைய போன் கடைகளில் கீறல் எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றின் சீட்டிலும் தவணை நிலுவை பற்றிய குறி ஒன்று போட்டிருப்பார்கள்: வட்டம், முக்கோணம், பெருக்கல். வட்டம் போட்டதை மட்டும் எடுங்கள். முந்தைய உரிமையாளர் தவணை கட்டவில்லையென்றால் அந்தப் போனை நெட்வொர்க் முடக்கியிருக்கும் அல்லது முடக்கிவிடக்கூடும் என்பதற்கான அடையாளம் மற்றவை. 2021 அக்டோபருக்குப் பிறகு விற்பனைக்கு வந்ததா என்றும் பாருங்கள். அதிலிருந்துதான் சிம் லாக் போடுவது அங்கே தடைசெய்யப்பட்டது. புத்தம் புது ஐபோன் 17-ல் ஆசை வைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், ஜப்பானில் விற்பதில் சிம் தட்டே கிடையாது, இசிம் மட்டும்தான். ஜப்பானில் விற்கும் போன்களில் பெரும்பாலும் கேமரா சத்தத்தை அணைக்க முடியாது என்பதும் ஒரு தகவல். ரயிலில் திருட்டுத்தனமாகப் படமெடுப்பதைத் தடுக்க கம்பெனிகள் தாங்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு அது. உங்கள் ஊர் போன் சத்தமில்லாமல் எடுக்கும் என்பதற்காக ரயிலுக்குள் அதைத் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

சிம் வாங்கும் வரிசையும் முக்கியம். விமான நிலையத்திலேயே உங்களுக்கு ஸைர்யூ கார்டு என்ற குடியிருப்பு அட்டையைத் தருவார்கள். வீடு கிடைத்த 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில் முகவரியைப் பதிய வேண்டும். முகவரி ஏறிய அட்டை இல்லாமல் பேசும் சிம் கிடைப்பது கஷ்டம். அதுவரைக்கும் ஒரு டேட்டா சிம் போதும்.

சார்ஜரின் மேல் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் கொண்டுபோங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். பிளக் இரண்டு தட்டைக் கம்பி. நம் உருண்டைக் கம்பி நுழையாது, ஒரு மாற்று பிளக் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

நிலநடுக்க எச்சரிக்கை வெளிநாட்டுப் போன்கள் எல்லாவற்றிலும் ஒலிக்கும் என்று நம்ப முடியாது. 'சேஃப்டி டிப்ஸ்' என்ற ஆப் ஜப்பான் சுற்றுலாத் துறையின் மேற்பார்வையில் வருகிறது. ஆங்கிலம் உண்டு, நேபாளி உண்டு, தமிழ் இல்லை. விமானம் ஏறுவதற்கு முன் இரண்டு போன்களிலும் அதை இறக்கிக்கொள்ளுங்கள்.